மாறாத மதிப்பெண்

பி.எஸ்சி. முடித்த வருடம், எம்.எஸ்சி. வேதியியலில் இடமில்லை என்று சென்னையிலிருந்து அஞ்சலட்டை வந்த அன்று, நான் செய்த முதல் காரியம் ஒரு பொய் சொன்னதுதான்.

எங்கள் ஊர் முசரவாக்கத்துக்கு அப்பால் ஏரியை ஒட்டிய சின்ன கிராமம். எங்களைப் போல் சமணக் குடும்பங்கள் கொஞ்சம் இருந்தன. எல்லோருக்கும் நிலம், மாடு, கிணறு. தபால்காரர் பதினோரு மணிக்கு அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். அச்சடித்த வரிகளுக்கு நடுவே என் பெயரை மட்டும் பேனாவால் எழுதியிருந்தார்கள். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் நின்றிருந்தபோது, ஏனாத்தூரிலிருந்து என் நண்பன் சைக்கிள் மிதித்து வந்து சேர்ந்தான். காஞ்சிபுரத்துக் கல்லூரியில் மூன்று வருடமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். ஒரே நாளில்தான் விண்ணப்பம் போட்டோம்.

"எனக்கு கெடச்சிட்ச்சுடா. உனக்கு வந்துச்சா?"

"இன்னும் வரல."

"வந்துடும்பா. எனக்கே குடுத்துட்டான், உனக்குக் குடுக்காம இருப்பானா?"

அவன் அதை நம்பித்தான் சொல்கிறான் என்று அன்று நினைத்தேன். லேபில் என் கை அவன் கையைவிட நிதானம். ஆனால் கடைசித் தேர்வில் ஒரு தாளில் நேரம் போதாமல் பெரிய கேள்வி ஒன்றை விட்டுவிட்டேன். அவனுக்கு அறுபத்து நான்கு சதவீதம், எனக்கு ஐம்பத்தெட்டு. அவன் மோர் குடித்துவிட்டு, சென்னையில் அறை பார்த்தால் எனக்கும் சேர்த்தே பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான். சட்டைப்பையில் அட்டையின் ஓரம் குத்திக்கொண்டே இருந்தது.

அப்பா, பேச்சு காதில் விழும் தூரத்தில் வரப்பை வெட்டிக்கொண்டிருந்தவர், அவன் போனதும் வந்தார். அட்டை வந்ததுமே அவரிடம் படித்துக் காட்டியிருந்தேன்.

"ஏம்பா அவன்கிட்ட சொல்லல?"

"தெரியலப்பா."

அவர் மண்வெட்டியைக் கிணற்று நீரில் கழுவினார். "சரி, அடுத்த வருசம் போடு" என்றார். அவ்வளவுதான். வீட்டில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நான் படித்த கல்லூரியிலேயே வேதியியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை காலியாக இருந்தது. மாணவர்களின் செய்முறை வகுப்புக்குக் கரைசல்கள் தயார் செய்து வைப்பது, பியூரெட்டைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது, நோட்டுகளில் கையெழுத்துப் போடுவது. பி.எஸ்சி. போதும். ஒரு வருடம்தானே என்று சேர்ந்தேன். பிள்ளையார்பாளையத்தில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம் ஒன்றின் மாடியறையில் வாடகைக்குக் குடியேறினேன். கீழே இரண்டு தறி. காலை ஏழு மணியிலிருந்து வெளிச்சம் மங்கும்வரை தறிச் சத்தம் என் தரை வழியாக வந்துகொண்டிருக்கும். ஒரு வாரத்தில் அது காதில் விழுவது நின்றுவிட்டது. தறி ஓடாத நாட்களில்தான் என்னவோ குறைகிறதே என்று தோன்றும்.

எங்கள் வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவோம். ஊரில் இருந்தவரை அது எனக்கு ஒரு விரதமாகவே தெரிந்ததில்லை. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிடுவோம். தனியறையில் அது வேறு மாதிரி இருந்தது. மெஸ்ஸில் இரவுச் சாப்பாடு ஏழரைக்குத்தான். அதனால் மதியம் வாங்கும் சாப்பாட்டில் பாதியை டிபன் கேரியரில் எடுத்துவந்து, ஐந்தரை மணிக்கு அறையில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவேன். ஆறு மணிக்கு என் நாள் முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் தெருவுக்கு உயிர் வரும். தறியை நிறுத்திவிட்டு ஆட்கள் வெளியே வருவார்கள். கடையில் பஜ்ஜி போடும் வாசனை மாடிக்கு ஏறும். கீழ்வீட்டில் குழம்பு கொதிக்கும்.

வீட்டுக்கார அம்மா ஒருநாள் மாடிப்படியில் நின்றுகொண்டு கேட்டார்.

"இன்னா தம்பி, அதுக்குள்ள துன்னுட்டியா? நாங்க எல்லாம் ஒண்ணா துன்னச்சொல்ல நீ மேல சும்மா குந்திக்கினு இருக்கிற. பாக்க ஒரு மாதிரியா இருக்குதுப்பா."

"பழக்கம்மா" என்றேன்.

"பழக்கந்தான். இருந்தாலும் ஒத்தையில துன்னா ஒடம்புல ஒட்டாது."

நான் சிரித்துவைத்தேன்.

இரண்டாவது வருடம் விண்ணப்பித்தபோது சென்னையில் வேறொரு கல்லூரியிலிருந்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்த அட்டையை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. முதல் பஸ்ஸில் சென்னை போனேன். பெரிய வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். என்னைத் தவிர எல்லோரும் அந்த வருடம்தான் தேர்வு எழுதியவர்கள். கேள்வித்தாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் கலந்துகொள்ள ஒன்றுமில்லை. மதியத்துக்குப் பிறகு கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் என் காகிதங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்:

"டிகிரி முடிச்சு ஒரு வருஷம் ஆச்சே. இந்த ஒரு வருஷத்துல என்ன படிச்சீங்க?"

"காலேஜ்ல டெமான்ஸ்ட்ரேட்டரா இருக்கேன் சார்."

"அது சரி. என்ன படிச்சீங்க?"

நான் ஒன்றும் படித்திருக்கவில்லை. காத்திருந்தேன், அவ்வளவுதான். காத்திருப்பதையே ஒரு வேலையாக நினைத்துக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டியிருந்தேன். மேசையிலிருந்த என் காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கோபப்படவில்லை. "சரி, போயிட்டு வாங்க" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்வரை வெயில் முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. எழுந்து இடம் மாற்றிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

முடிவு இரண்டு வாரத்தில் வந்தது. எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. மறுவாரம் முதல் காலை ஏழு மணிக்கே கல்லூரிக்குப் போகத் தொடங்கினேன். அட்டெண்டர் லேபைத் திறந்துவிட்டுக் கூட்டிப் பெருக்கும் நேரம் அது. வெளியே எடுத்துப்போகக் கூடாத இயற்பிய வேதியியல் புத்தகம் ஒன்று துறை அலமாரியில் இருந்தது. அதை நோட்டில் கையால் எழுத ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு மூன்று பக்கம், நான்கு பக்கம். கணக்குகளைப் போட்டுப் பார்த்தேன். விடை சரியாக வந்தால் சொல்ல ஆளில்லை. தப்பாக வந்தால் கேட்கவும் ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேகவதியைத் தாண்டித் திருப்பருத்திக்குன்றத்துக்கு நடப்பேன். மழைக்காலம் தவிர ஆற்றில் தண்ணீர் இருக்காது, மணலில் கால் புதையும். அங்கே எங்கள் சமணக் கோயிலில் பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள். மண்டபத்தில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். இடம் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேனா என்றால், இல்லை. எங்கள் கோயிலில் அப்படிக் கேட்கும் பழக்கமில்லை. கேட்டிருந்தால் மனசு கொஞ்சம் லேசாகியிருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது.

மூன்றாவது வருடம் நேர்முகத்துக்குக்கூட அழைப்பு வரவில்லை. அந்த வருடம் ஜூனில், எம்.எஸ்சி. முடித்துவிட்டு, எங்கள் கல்லூரிக்கே லெக்சரராக வந்து சேர்ந்தான் என் நண்பன்.

முதல் நாள் லேபில் நான் அமிலப் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். அவன் கதவருகே வந்து நின்றான். வெள்ளை முழுக்கைச் சட்டை, கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

"டேய்" என்றான் மெதுவாக.

நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியாது. லெக்சரர் வந்தால் எழுந்து நிற்பது பழக்கமாகிவிட்டிருந்தது. அவன் முகம் சுருங்கிப்போனது. பின்னால் மாணவர்கள் வரும் சத்தம் கேட்டதும், "வாங்க, இன்னைக்கு இன்னா எக்ஸ்பெரிமென்ட்டுன்னு பார்த்துடலாம்" என்றான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் என்னை 'வாங்க' என்றான். மாணவர்கள் முன்னால் வேறு எப்படிக் கூப்பிடுவான்? அது புரிந்தது. புரிந்தும் வலித்தது.

அதன்பின் அவன் வகுப்புகளுக்கு வேண்டியதையெல்லாம் சரியாகத் தயார் செய்து வைத்துவிட்டு, அவன் உள்ளே வரும்போது நான் ஸ்டோர் ரூமுக்குள் போய்விடுவேன். கேண்டீனுக்குக் கூப்பிட்டான், வேலை இருக்கிறது என்றேன். அறைக்கு வருவதாகச் சொன்னான். ஊருக்குப் போகிறேன் என்றேன். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு அவனும் கேட்பதை விட்டுவிட்டான்.

ஆகஸ்டில் ஒருநாள், ஆந்திராவில் கடைசி நம்பிக்கையாகப் போட்டிருந்த ஒரு விண்ணப்பத்துக்கும் இல்லை என்று பதில் வந்தது. காலையில் கல்லூரி விலாசத்துக்கு வந்த கடிதத்தைப் படித்துவிட்டு நேரே தராசுக்குப் போனேன். அன்று இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆக்சாலிக் அமிலக் கரைசல் வேண்டும். லிட்டருக்கு ஆறு புள்ளி மூன்று கிராம். நான் மூன்று புள்ளி ஆறு எடுத்துப் போட்டிருக்கிறேன். எண்கள் இடம் மாறிவிட்டன. எனக்குத் தெரியவேயில்லை.

வகுப்பு பாதி நடந்தபோது குழப்பம் தொடங்கியது. எல்லா மாணவர்களுக்கும் பியூரெட்டில் அளவு, வர வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டது. அவரவர் தங்கள் தப்பென்று நினைத்து மறுபடி மறுபடி செய்தார்கள். ஒரு பையன் அழும் நிலைக்கு வந்துவிட்டான். சத்தம் கேட்டுத் துறைத்தலைவர் உள்ளே வந்தார்.

"யார் இந்த சொல்யூஷன் போட்டது?"

நான் ஸ்டோர் ரூம் வாசலில் நின்றிருந்தேன். தராசு நோட்டில் என் கையெழுத்தில் 3.6 என்று இருந்ததை அந்த நிமிடம்தான் பார்த்தேன். நான் பேசுவதற்குள் என் நண்பன் சொன்னான்:

"நான் எழுதிக் குடுத்த அளவு தப்பு சார். அவர் மேல தப்பில்ல."

துறைத்தலைவர் அவனை மாணவர்கள் முன்னாலேயே திட்டினார். புதிதாக வந்தவன் என்று பார்க்கவில்லை. அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான்.

நான் நன்றி சொல்லவில்லை. அந்த நாளில் என் மனது எப்படி இருந்தது என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவன் என்னைக் காப்பாற்றியதுதான் எனக்குப் பெரிய அவமானமாகத் தெரிந்தது. இடமும் அவனுக்கு, வேலையும் அவனுக்கு, பெருந்தன்மையும் அவனுக்கா என்று நினைத்தேன். மூன்று நாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் அவனே அறைக்கு வந்துவிட்டான். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து, ஜன்னலில் அடுக்கியிருந்த என் நோட்டுகளை எடுத்துப் புரட்டினான். ஐந்து நோட்டு நிரம்பியிருந்தன.

"இவ்ளோத்தையும் நீயே எழுதினியா?"

"ஆமாம்."

"கணக்கெல்லாம் போட்டுக்கினு இருக்க! எங்க கிளாஸ்ல பாதிப் பேர் இதத் தொடவே இல்லடா."

அவன் நோட்டை மூடி வைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கிச் சொன்னான்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. மெட்ராஸ்க்கு இனிமே போடாத."

"ஏன்?"

"அங்க மார்க் வரிசையில அடுக்கி மேலருந்து எடுத்துக்கினே வருவாங்க. போன வருசம் எங்க டிபார்ட்மென்ட்ல பசங்களையே அடுக்கச் சொன்னாங்க. நானும் அடுக்கினேன். உன்னுது எங்க இருந்துச்சுன்னு பார்த்தேன்."

"எங்க இருந்துச்சு?"

"ரொம்பக் கீழ. நீ எத்தனை வருசம் போட்டாலும் உன் மார்க் அதேதான்டா. வருசா வருசம் புதுப் பசங்க அதிக மார்க்கோட வந்துக்கினே இருப்பாங்க. நீ இன்னும் கீழதான் போவ."

என் விண்ணப்பத்தை அவன் கையால் எடுத்து அடியில் வைத்திருக்கிறான்.

"ஏன் எனக்கு எழுதல?"

"அட்டைய பாக்கெட்ல வச்சிக்கினு இன்னும் வரலன்னு சொன்னவன்கிட்ட நான் இன்னாத்த எழுதறது?"

அவனுக்கு அன்றே தெரிந்திருந்தது. சட்டைத் துணி மெல்லிசு. உள்ளே அச்செழுத்து தெரிந்ததாம்.

நான் அவனை வெளியே போகச் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். கீழே தறி ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது. அவன் எழுந்து, சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நோட்டுகளின் மேல் வைத்துவிட்டுப் படியிறங்கினான்.

அந்தக் காகிதத்தை ஒரு வாரம் தொடவில்லை. பிரித்துப் பார்த்தபோது அதில் நான்கு ஊர்களின் விலாசம் இருந்தது. எல்லாம் தூரத்து வட மாநிலங்களில். கல்லூரி லேபில் வேலை செய்தவர்களுக்கு அந்த அனுபவத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்றும், ஓரிடத்தில் எழுத்துத் தேர்வு உண்டு என்றும் பக்கத்தில் குறித்திருந்தான். யார் யாரையோ கேட்டு விசாரித்திருக்க வேண்டும்.

அன்று எனக்கு வந்தது சந்தோஷம் அல்ல. மூன்று தடவையும் ஒரே கதவைத் தட்டிக்கொண்டு அதை நம்பிக்கை என்று சொல்லிக்கொண்டிருந்தேனே என்ற வெட்கம்தான் வந்தது. ஆனால் அந்த வெட்கத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. என் மதிப்பெண் மாறாது. மாறக்கூடியது ஏதாவது இருந்தால் அது அந்த நோட்டுகளில்தான் இருந்தது. மறுநாள் ஏழு மணிக்கு லேபுக்குப் போய் ஆறாவது நோட்டைத் தொடங்கினேன்.

அவனிடம் போய்ப் பேச வேண்டும் என்று தினமும் நினைத்தேன். தீபாவளி போகட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ளினேன். பிப்ரவரியில் பம்பாயில் ஒரு சாயக் கம்பெனியில் வேலை கிடைத்து அவன் கிளம்பிவிட்டான். துறையில் தேநீர் விருந்து வைத்தார்கள். நான் கோப்பைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கைகுலுக்கினான். "எழுது" என்றான். அவ்வளவுதான் பேச முடிந்தது; சுற்றி ஆட்கள்.

அந்த வருடம் நான்கு ஊர்களுக்கும் விண்ணப்பித்தேன். இரண்டிலிருந்து இல்லை என்று வந்தது. ஒன்றிலிருந்து பதிலே இல்லை. நான்காவது இடம் மத்தியப் பிரதேசத்தில். மே மாதம் இரண்டு பகல் இரண்டு இரவு ரயிலில் போய்த் தேர்வு எழுதிவிட்டு வந்தேன். கேள்விகளில் பாதி நான் கையால் எழுதிப் பழகிய பகுதியிலிருந்து வந்தன. எழுதும்போதே ஒரு மாதிரி பயமாக இருந்தது. இவ்வளவு தெரிந்தும் இல்லை என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ள எனக்குக் காரணம் எதுவும் இருக்காது.

ஜூலை முதல் வாரம் கடிதம் வந்தது. கல்லூரிக்கு அன்று விடுமுறை. அலுவலக வாசலில் தபாலை வாங்கி நின்றபடி படித்தேன். இடம் கொடுத்திருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன்; மைதானம் காலி. வேப்பமரத்தடியில் இரண்டு ஆடுகள். மூன்று வருடம் காத்திருந்த செய்தியைச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

அறைக்கு நடந்தேன். வீட்டுக்கார அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"எந்தூருப்பா?"

சொன்னேன்.

"அங்க தமிழ் பேசுவாங்களா?"

"மாட்டாங்கம்மா. இந்தி."

"ஐயோ, இங்கயே நீ வாயத் தொறக்க மாட்ட." கொஞ்சம் யோசித்தார். "போ நைனா. நல்லா வருவ." பிறகு உள்ளே பார்த்துத் தெலுங்கில் ஏதோ சத்தமாகச் சொன்னார். தறியிலிருந்த அவர் கணவர் இறங்கிவந்து, ஈரத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். மூன்று வருடத்தில் அவர் என்னிடம் பேசியது பத்து வார்த்தைகூட இருக்காது.

மாலை பஸ்ஸில் ஊருக்குப் போனேன். அப்பா கடிதத்தை வாங்கி, தனக்குத் தெரியாத ஆங்கிலத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "படி" என்றார். படித்தேன். "தமிழ்ல சொல்லு." சொன்னேன்.

"எத்தனி வருசம்?"

"ரெண்டு வருசம்ப்பா."

"ரெண்டு வருசம் படிக்க மூணு வருசம் காத்துக்கினு இருந்தியா!" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். எனக்காக அவரும் காத்திருந்திருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. நான் தனியாகத்தான் காத்திருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியப் பிரதேசத்துக்குப் போன முதல் மாதம் காஞ்சிபுரத்தைவிடத் தனிமை. வகுப்பில் நான்தான் மூத்தவன். மொழி தெரியாது. மாலை லேப் முடிய ஆறரை ஆகும். பொழுதுக்குள் சாப்பிடும் வழக்கம் பல நாள் பட்டினியாகவே முடிந்தது. ஆனால் காலையில் எழுந்தால் போவதற்கு ஒரு வகுப்பு இருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை நண்பனுக்குக் கடிதம் எழுதினேன். அந்த ஆக்சாலிக் அமிலத்தைப் பற்றியும், அட்டையைப் பற்றியும், அறையிலிருந்து அவனை விரட்டியது பற்றியும் எழுதினேன். நன்றி என்ற வார்த்தையை எழுத இரண்டு தாள் வீணானது. மூன்று வாரம் கழித்து இன்லண்ட் லெட்டரில் பதில் வந்தது. கம்பெனி, மழை, சாப்பாடு என்று ஓடியது கடிதம். கடைசியில், ஓரத்து மடிப்பில் இடம் தேடி எழுதியிருந்தான்:

"நீ ஸ்டோர் ரூம்ல இருக்கன்னு தெரிஞ்சுக்கினே கிளாஸ் எடுக்கறது எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அந்த ஒரு வருசம் எனக்கும் பேச அங்க யாருமே இல்லடா."

விடுதி வராந்தாவில் நின்று அதைப் படித்தேன். அப்படி ஒரு தடவைகூட நான் யோசித்துப் பார்த்ததில்லை. மணி அடித்தது. கடிதத்தை நோட்டுக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அன்று சாயங்காலமே அவனுக்குப் பதில் எழுதினேன்.